அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, ஏன் அரிதாகவே இருக்கிறது?

1982இல் வெளிவந்த 'காந்தி' படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. காடு, கடல், பறவை, விலங்கு என்று உலகத்தையே நம் வீட்டுக்குள் கொண்டுவந்த ஆவணப்படக் குரல் டேவிட் அட்டன்பரோ. இருவரும் உடன்பிறந்தவர்கள். இவர்களைத் தவிர அந்தப் பெயர் கொண்ட மூன்றாவது மனிதர் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலானோருக்கு ஒருவரும் நினைவுக்கு வரமாட்டார். ஸ்மித், ஜோன்ஸ், டெய்லர் என்றால் அப்படி அல்ல. கிரிக்கெட் அணியிலிருந்து அலுவலக மின்னஞ்சல் வரை எங்கும் தென்படுவார்கள்.

அரிய ஆங்கிலப் பெயர்களைப் பற்றி இணையத்தில் சுற்றிவரும் பட்டியல்கள் ஏராளம். "அழிவின் விளிம்பில் உள்ள பெயர்கள்", "இனி ஒருவரும் இல்லாத பெயர்கள்" என்று அவை தலைப்பிடுகின்றன. அவற்றைப் படிப்பவர் மூன்று முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்: பெயர் அரிது என்றால் குடும்பம் பிரபுத்துவமானது, பெயரின் பொருளை அகராதியில் பார்த்தால் வேர் தெரிந்துவிடும், கணக்கெடுப்பு சொல்லும் எண்ணிக்கையே உண்மையான எண்ணிக்கை. மூன்றுமே தவறு. அட்டன்பரோ என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு, அடிப்படையிலிருந்து தொடங்கி, ஏன் தவறு என்று பார்க்கலாம்.

குடும்பப் பெயர் என்பது எது?

தமிழ்நாட்டில் பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைச் சுட்டுகிறது. அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆங்கிலக் குடும்பப் பெயரோ மாறாமல் இறங்கி வருவது. தாத்தாவின் தாத்தாவுக்கு இருந்த அதே சொல்தான் பேரனின் பேரனுக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

இங்கிலாந்திலும் தொடக்கத்தில் அது அப்படி இறங்கவில்லை. 1066இல் நார்மானியர் வந்த பிறகு, நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் முதலில் நிலையான பெயர்களை வைத்துக்கொண்டன. சாதாரண மக்களிடம் அந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் பரவியது. ஏறக்குறைய 1400ஆம் ஆண்டுவாக்கில்தான் ஆங்கிலக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பரம்பரைப் பெயர் உறுதிப்பட்டது. அதற்கு முன் ஒருவரை ஜான் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எந்த ஜான் என்று அடையாளம் சொல்ல ஓர் ஒட்டு தேவைப்பட்டது. அந்த ஒட்டுகளில் நான்கு வகை முக்கியமானவை.

1. தொழில்: கொல்லர் ஸ்மித், தையற்காரர் டெய்லர்.
2. தந்தை பெயர்: ஜானின் மகன் ஜான்சன்.
3. பட்டப்பெயர்: பழுப்பு நிறத்தவர் பிரவுன்.
4. இடம்: ஆற்றங்கரையில் இருப்பவர், காட்டோரம் இருப்பவர், இன்ன ஊர்க்காரர்.

எந்தப் பெயர் பெருகும், எந்தப் பெயர் அரிதாகும் என்பது பெருமளவு இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார். ஆகவே ஸ்மித் என்ற பெயர் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்களில் தனித்தனியாகப் பிறந்தது. இன்று பிரிட்டனில் ஸ்மித் என்ற பெயர் கொண்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். ஒரு சிற்றூரின் பெயரோ அந்த ஊரிலிருந்து வந்த ஓரிருவருக்கு மட்டுமே ஒட்டும். அது ஒரே ஒருமுறை பிறந்த பெயராக இருக்கக்கூடும்.

ஊர்ப்பெயரா, இருப்பிடப் பெயரா?

நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றின் கரையில் அட்டன்பரோ என்றே ஓர் ஊர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனும் ஆங்கில உள்நாட்டுப் போரின் தளபதிகளில் ஒருவருமான ஹென்றி அயர்ட்டன் 1611இல் பிறந்தது அங்கேதான். சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளங்கள் நீர்நிலைகளாகி, இன்று அது பறவைகளுக்குப் பெயர்பெற்ற இயற்கைக் காப்பகம்.

ஊர்ப்பெயரின் பழைய வடிவம் 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் 'அடின்பர்ஹ' என்பதுபோல் வருகிறது. அதைப் பிரித்தால் முன்பாதி ஓர் ஆளின் பெயர்: அட்டா, அல்லது எட்டி. பின்பாதியான 'புர்ஹ்' பழைய ஆங்கிலத்தில் அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் சொல். அட்டா என்பவரோடு தொடர்புடைய கோட்டை என்பதுதான் ஊர்ப்பெயரின் பொருள்.

ஆனால் குடும்பப் பெயரை இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம் என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டென்' என்றால் 'அந்த இன்னதன் அருகில்' என்று பொருள். 'அட்டென்' என்ற முன்னொட்டு பல ஆங்கிலப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. நாஷ் என்ற பெயரைப் பாருங்கள். ஆஷ் என்பது ஒரு மரம். 'அட்டென் ஆஷ்' என்றால் அந்த மரத்தருகே இருப்பவர். மக்கள் சேர்த்துச் சொல்லும்போது புணர்ச்சி தவறாகப் பிரிந்தது. 'அட்டென்' என்பதன் இறுதி மெய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு 'நாஷ்' ஆயிற்று. ஓக் மரத்தருகே இருந்தவர் இதே வழியில் நோக்ஸ் ஆனார். ஒரு மெய்யெழுத்து இடம் மாறி அமர்ந்து எழுநூறு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது என்பதை முதன்முதலில் அறியும்போது ஏற்படும் வியப்பு எளிதில் அடங்குவதில்லை.

அந்த வழியில் போனால் அட்டன்பரோ என்பது, பின்பாதியை 'புர்ஹ்' என்று கொண்டால் 'அரணுக்கு அருகில் இருப்பவர்', தோப்பைக் குறிக்கும் இன்னொரு பழைய சொல்லாகக் கொண்டால் 'தோப்பின் அருகில் இருப்பவர்' என்று ஆகும். அப்படியானால் நாட்டிங்ஹாம் ஊருக்கும் பெயருக்கும் தொடர்பே இல்லாமல் போகும். அரண் எந்த ஊரிலும் இருக்கலாம், தோப்பும் அப்படியே.

இலக்கணம் இங்கே ஒரு துப்பு தருகிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. 'அட்டென்' ஆண்பால் சொல்லோடு வர வேண்டும். பெண்பால் என்றால் 'அட்டெர்'. 'புர்ஹ்' பெண்பால். ஆகவே அரணருகே இருப்பவர் 'அட்டெர்' என்றுதான் தொடங்க வேண்டும். அட்டர்பரி என்ற வேறொரு குடும்பப் பெயர் சரியாக அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் இடைக்காலத்தில் இந்தப் பால் வேறுபாடு தேய்ந்து மறைந்துகொண்டிருந்தது, மக்கள் கலந்தே பேசினார்கள். தோப்பைக் குறிக்கும் சொல்லோ ஆண்பால்தான். எனவே இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

அகராதி நம்மை இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. பெயரின் பொருளைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்று, தமக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் இரண்டு விளக்கங்களும் இரண்டு வெவ்வேறு கணிப்புகளைத் தருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இருப்பிடப் பெயர் என்றால் அது பல மாவட்டங்களில் தனித்தனியாக முளைத்து, நாடெங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். ஊர்ப்பெயர் என்றால் அந்த ஊரைச் சுற்றியே அடர்ந்திருக்க வேண்டும். அந்தப் பெயர் உடையவர்கள் ஒரே வேரிலிருந்து வந்தவர்களாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு கணிப்புகளையும் சோதிக்க முடியும்.

ஊரை விட்டுப் போனவருக்கே ஊர்ப்பெயர்

திண்டுக்கல்லுக்குள் இருக்கும் ஒருவரை யாரும் 'திண்டுக்கல்காரர்' என்று அழைப்பதில்லை. அவர் மதுரைக்குக் கடை போட வந்தால்தான் அந்த அடைமொழி ஒட்டும். ஆங்கிலேயருக்கும் இதே நியதி. அட்டன்பரோ ஊரிலேயே கடைசிவரை இருந்தவருக்கு அட்டன்பரோ என்ற பெயர் அடையாளமாகப் பயன்படாது. அங்கிருந்து கிளம்பிப் பக்கத்து ஊரில் குடியேறியவருக்கே அது பெயராயிற்று. ஆகவே ஒரு குடும்பப் பெயரின் பிறப்பிடத்தைத் தேடும்போது அந்த ஊருக்குள்ளேயே தேடினால் போதாது. ஒரு நாள் நடைத்தொலைவில், அடுத்தடுத்த ஊர்களில் தேட வேண்டும்.

1881 ஏப்ரல் 3ஆம் தேதி இரவு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தத் தேடலுக்குக் கிடைத்த பெரும் செல்வம். அது முழுவதும் தன்னார்வலர்களால் எழுத்துப்பெயர்க்கப்பட்டு, கணினியில் தேடும் நிலையில் இருக்கிறது. கார் இல்லாத காலம்; ரயில் வந்து சில பத்தாண்டுகளே ஆன காலம். பல குடும்பங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தம் பெயர் பிறந்த மாவட்டத்தை விட்டு வெகுதூரம் போகவில்லை என்பதை அந்தக் கணக்கெடுப்பின் வரைபடங்கள் காட்டுகின்றன.

அட்டன்பரோ பெயருக்கும் அதுவே நிலை. நாட்டிங்ஹாம்ஷயரிலும் அதை ஒட்டிய டெர்பிஷயரிலும் பெயர் அடர்ந்திருக்கிறது. லண்டனில் தனியாக ஒரு கொத்து உண்டு. அங்கே குடியேறி அடகுக்கடை நடத்திய குடும்பத்தால் 19ஆம் நூற்றாண்டு லண்டன்வாசிகளுக்கு அது பழகிய பெயராகவே இருந்தது. இடப்பெயர்வால் உருவாகும் இப்படிப்பட்ட கொத்துகளைப் பிறப்பிடம் என்று நினைத்துவிடக் கூடாது. பெருநகரம் எல்லாப் பெயர்களையும் இழுக்கும்.

சகோதரர்கள் இருவரின் தந்தை ஃபிரெடரிக் அட்டன்பரோ பிறந்த ஊர் ஸ்டேபிள்ஃபோர்ட். அது அட்டன்பரோ ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கல்வி அவரை கேம்பிரிட்ஜ் வரை கொண்டுசென்றது. பழைய ஆங்கிலச் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞரானார். 1932இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். அவர் தலைமுறை வரை அந்தப் பெயர் ஏறத்தாழ பிறந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது. 1966இல் அட்டன்பரோ ஊரின் இயற்கைக் காப்பகத்தைத் திறந்துவைத்தவர் அவருடைய மகன் டேவிட்.

வரைபடம் ஊர்ப்பெயர் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது. ஊரைச் சுற்றியே அடர்ந்திருக்க வேண்டும் என்ற கணிப்பு பொருந்திவிட்டது.

ஏன் அரிது? குறை குடும்பத்தில் இல்லை

அடுத்து எண்ணிக்கை. ஒரு பெயர் சில நூறு ஆண்டுகளில் ஏன் பெருகுகிறது, ஏன் மறைகிறது என்ற கேள்வியை 1873இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் ஒரு கல்வி இதழில் கணக்காகவே முன்வைத்தார். புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அழிகின்றனவே, அந்தக் குடும்பங்களிடம் ஏதாவது குறையா, அல்லது வெறும் தற்செயலா என்பது அவர் கேள்வி. ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை அனுப்பினார். 1874இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். இன்று அணுப் பிளவுத் தொடர்வினை முதல் தொற்றுநோய்ப் பரவல் வரை பயன்படும் ஒரு கணிதமுறை, குடும்பப் பெயர்களின் சாவைப் பற்றிய கேள்வியில் பிறந்தது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 100 ஆண்கள், 100 வெவ்வேறு பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒருவருக்கு, வளர்ந்து ஆளாகும் ஒரு மகன். சராசரி ஒன்று என்றாலும், சிலருக்கு மூன்று மகன்கள் இருப்பார்கள், சிலருக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார். மகன் இல்லாத வீட்டில் பெயர் அங்கேயே நின்றுவிடும். மகன்களின் எண்ணிக்கை முழுக்கத் தற்செயலாக அமைகிறது என்று கொண்டால் கிடைக்கும் விடைகள் இவை:

1. முதல் தலைமுறை முடிவில் சுமார் 37 பெயர்கள் மறைந்துவிடும்.
2. இரண்டாம் தலைமுறையில் மறைந்தவை 53 ஆகும்.
3. ஐந்தாம் தலைமுறையில் 73.
4. பத்தாம் தலைமுறையில் 84.
5. இருபதாம் தலைமுறையில் 91.

இருபது தலைமுறை என்பது ஏறத்தாழ 600 ஆண்டுகள். அதாவது பெயர்கள் நிலைபெற்ற காலத்திலிருந்து இன்றுவரை. மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் 100 பெயர்களில் எஞ்சியவை 9 மட்டுமே. அந்த 9 பெயர்கள் 100 ஆண்களையும் பகிர்ந்துகொள்கின்றன. இந்தக் கணக்கில் எவருக்கும் நோயில்லை, போரில்லை, மலட்டுத்தன்மை இல்லை. மகன் பிறப்பதும் மகள் பிறப்பதும் மட்டும்தான் இருந்தன. இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முதல் தலைமுறையிலேயே நடந்துவிடுகிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நாலைந்து மகன்கள் தப்பிப் பிழைத்த குடும்பத்தின் பெயர் பிறகு எளிதில் அழிவதில்லை.

உண்மை வரலாறு இதைவிடக் கடுமையாகத் தொடங்கியது. பெயர்கள் உறுதிப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1348இல், கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் வந்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையான மக்களை வாரிக்கொண்டு போயிற்று. இன்று நாம் பார்க்கும் அரிய பெயர்கள் அந்தச் சல்லடையிலும் தப்பியவை. பிற்பாடு, குறிப்பாக 18ஆம் நூற்றாண்டுக்குப் பின், மக்கள்தொகை பெருகியபோது, எஞ்சிய பெயர்களும் சேர்ந்து பெருகின. வாட்சன் தம் கணக்கில் ஒரு பிழை செய்திருந்தார். மக்கள் பெருகினாலும் எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழியும் என்று முடித்தார். சராசரி ஒன்றைத் தாண்டினால் சில பெயர்கள் என்றென்றும் நிலைக்க முடியும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்.

ஆகவே அட்டன்பரோ அரிதாக இருப்பதற்கு உயர்குடிப் பிறப்பு காரணமில்லை. ஒரு வேரில் தொடங்கியது, பிழைத்துக் கிடந்தது, அவ்வளவுதான் காரணம். 'உங்கள் குடும்பப் பெயரின் மரபுச் சின்னம்' என்று கேடயப் படம் விற்கிறார்களே, அதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆங்கில மரபில் மரபுச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுவது. ஒரு பெயருக்கு என்று சின்னம் கிடையாது. அதே பெயர் உங்களுக்கு இருப்பதாலேயே அந்தச் சின்னம் உங்களுடையதாகிவிடாது.

எண்ணிக்கை எங்கே தவறும்?

'இந்தப் பெயரில் இத்தனை பேர்' என்ற எண்ணை அப்படியே நம்புவதற்கு முன் அது எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும்.

1. எழுத்துக்கூட்டல். பெயரைச் சொன்னவர் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி தேவாலயங்களில் பதிவேடுகள் தொடங்கின. அவற்றில் ஒரே குடும்பத்தின் பெயர் தலைமுறைக்கு ஒரு வடிவத்தில் வரும். அட்டன்பரோவின் கடைசி அசை மட்டும் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. 1837 ஜூலை 1 முதல் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கிய பிறகு வடிவங்கள் ஓரளவு உறைந்தன. அந்த நேரத்தில் எந்த எழுத்தில் இருந்ததோ அந்த எழுத்திலேயே தனிப் பெயராகிவிட்டது. ஒவ்வொரு வடிவத்தையும் தனிப் பெயராக எண்ணினால் இல்லாத அரிய தன்மை கூடிவிடும்.

2. பேய்ப் பெயர்கள். இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1881இல் வீட்டுக்காரர் நிரப்பிய தாளைக் கணக்கெடுப்பாளர் வாங்கி, ஒரு பேரேட்டில் தம் கையால் படியெடுத்தார். மூலத் தாள்கள் அழிக்கப்பட்டன. பேரேடு மட்டும் நிற்கிறது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தன்னார்வலர் ஒருவர் அந்தக் கையெழுத்தைப் படித்து எழுத்துப்பெயர்த்தார். ஆங்கிலத்தில் அட்டன்பரோ என்று எழுதும்போது இரண்டு டகர எழுத்துகளுக்கும் குறுக்குக் கோடு போட வேண்டும். அவசரத்தில் அந்தக் கோடு விடுபட்டால் இரண்டும் லகரமாகத் தெரியும். அட்டன்பரோ, அல்லன்பரோ ஆகிவிடும். கணினியில் அது ஒரே ஒருவர் கொண்ட ஒரு புதிய பெயர். அடுத்த கணக்கெடுப்பில் அவரைக் காணவில்லை, ஆகவே பெயர் அழிந்துவிட்டது என்று ஒரு பட்டியல் அறிவிக்கும். பிறக்காத பெயருக்குச் சாவு அறிவிப்பு. 'அழிந்த பெயர்கள்' பட்டியலில் ஒருவர், இருவர் என்று எண்ணிக்கை காட்டும் பெயர்களை இந்த ஐயத்தோடு மட்டுமே படிக்க வேண்டும்.

3. எண்ணும் எல்லை. 2016இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டிஷ், ஐரிஷ் குடும்பப் பெயர் அகராதி 45,000க்கும் மேற்பட்ட பெயர்களை விளக்குகிறது. அதுவும் 100 பேருக்கு மேல் உள்ள பெயர்களை அடிப்படையாகக் கொண்டது. அந்த எல்லைக்குக் கீழே இருப்பவை பல்லாயிரம். அவற்றில் உண்மையான அரிய ஆங்கிலப் பெயர் எது, எழுத்துப்பிழை எது, வேறு நாட்டிலிருந்து நேற்று வந்த பெயர் எது என்று தனித்தனியாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். உலகின் வேறொரு பெரிய நாட்டில் லட்சக்கணக்கானோர் கொண்ட பெயர், பிரிட்டனில் பத்துப் பேரோடு 'அரிய பெயர்' ஆகத் தெரியும்.

டி.என்.ஏ. சொன்ன தீர்ப்பு

ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்குகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே வழியில் இறங்குகிறது. ஒரே மூதாதையிலிருந்து வந்த பெயர் என்றால், அந்தப் பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோம்களும் ஒத்திருக்க வேண்டும். குரோமோசோமில் சில இடங்களில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணி ஒப்பிடலாம். பல தலைமுறைகளுக்கு ஒருமுறை அந்த எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும். இருவரின் எண்களும் எல்லா இடங்களிலும் ஒத்தால், அல்லது ஓரிரு இடங்களில் மட்டும் ஒன்று வேறுபட்டால், அவர்கள் அண்மைக்கால உறவினர்கள்.

இந்த ஆய்வு நடந்த இடம் லெஸ்டர் பல்கலைக்கழகம். ஃபிரெடரிக் அட்டன்பரோ முதல்வராக இருந்த அதே கல்லூரிதான் பின்னர் அந்தப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டறிந்ததும் அங்கேதான். அங்குள்ள மரபியலாளர்களான டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 2006இல் ஒரே பெயர் கொண்ட, ஆனால் ஒருவரையொருவர் அறியாத 150 இணை ஆண்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஓர் இணைக்கு மூதாதை ஒன்றே. அரிய பெயர்களை மட்டும் எடுத்தால் அது பாதியை நெருங்கியது.

2009இல் வெளியான ஆய்வு இன்னும் விரிவானது: 40 பெயர்கள், 1,678 ஆண்கள், குரோமோசோமில் 17 இடங்கள். ஸ்மித் பெயர் கொண்ட இருவர், தெருவில் போகும் எந்த இருவரையும்விட நெருக்கமானவர்கள் அல்ல. அட்டன்பரோ பெயரிலோ 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் ஒரே வகை, அல்லது கிட்டத்தட்ட ஒரே வகைக் குரோமோசோம் கொண்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டல் மாறியிருந்தும் அப்படியே.

அப்படியானால் மீதி முப்பது சதவீதம்? இரண்டாவது மூதாதையா? தேவையில்லை. தத்தெடுத்தல், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயின் பெயரை வைத்தல், மறுமணத்தில் வளர்ப்புத் தந்தையின் பெயர், சொத்துக்காகப் பெயர் மாற்றம், பிறர் அறியாத தந்தை என்று பெயரும் குரோமோசோமும் பிரிந்துபோகும் வழிகள் பல. தலைமுறைக்கு இது 1 முதல் 4.5 சதவீதம் வரை இருந்திருக்கலாம் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே இருபது தலைமுறைக்குப் பிறகு பழைய குரோமோசோமோடு எஞ்சுபவர்கள் 67 சதவீதம்தான். ஆகவே 70ஐத் தாண்டிய ஓர் எண் ஒரே மூதாதைக்கு முழுக்கப் பொருந்துகிறது.

ஒரே வேரிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற கணிப்பும் பொருந்திவிட்டது. ஊருக்கு ஊர் தோப்பருகே முளைத்த பெயராக இருந்திருந்தால் பல வகைக் குரோமோசோம்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்திருக்கும். அகராதியால் முடிக்க முடியாத வழக்கை வரைபடமும் குருதியும் சேர்ந்து ஊரின் பக்கம் நகர்த்திவிட்டன. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை: பல மூதாதையர் இருந்து, முன்னே பார்த்த தற்செயல் சல்லடையில் ஒருவரின் வழி மட்டுமே எஞ்சியிருக்கவும் முடியும். ஆனால் பிழைத்த வழி ஊருக்குப் பக்கத்திலேயே அடர்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஊர்ப்பெயர் விளக்கமே வலுவானது என்று நான் கருதுகிறேன்.

இதனால் என்னென்ன மாறுகிறது?

அரிய பெயர் அரிதாக இருப்பதாலேயே ஆய்வுக்குப் பயன்படுகிறது. 2007இல் இதே லெஸ்டர் குழு, வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தோன்றிய ஓர் அரிய பெயர் கொண்ட 18 ஆண்களைச் சோதித்தபோது 7 பேரிடம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்கரிடம் மட்டுமே காணப்பட்ட ஒரு ஒய் குரோமோசோம் வகை இருந்தது. தங்களுக்கு ஆப்பிரிக்க முன்னோர் உண்டு என்று அவர்களில் எவருக்கும் தெரியாது. பதிவேடுகள் அந்த வழியை 1780கள் வரை யார்க்ஷயரிலேயே கொண்டுசென்றன. 'தூய ஆங்கிலக் குடும்பம்' என்ற பேச்சுக்கு இதைவிட அழுத்தமான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்மித் பெயரில் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. வைக்கோற்போரில் ஊசியாகப் போயிருக்கும்.

பெயர் உறவுக்கு உறுதி அல்ல என்பதற்கும் லெஸ்டரே சான்று. 2012இல் அங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையவை என்று உறுதிசெய்தது தாய்வழி டி.என்.ஏ. தந்தைவழி உறவினர் என்று ஆவணங்கள் சொன்ன ஐந்து பேரின் ஒய் குரோமோசோம் மன்னருடையதோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரிடமிருந்து வேறுபட்டார். அரச குடும்பத்தின் வம்சாவளிக்கே இந்த நிலை.

இந்த முறை முழுவதும் ஆண்வழியை மட்டுமே பின்தொடர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மேலே போட்ட கணக்கில் 'மறைந்த' 91 குடும்பங்களில் பல மறையவே இல்லை. மகள்கள் வழியே அவை இன்றும் தொடர்கின்றன. அழிந்தது அந்தச் சொல் மட்டுமே. இருபது தலைமுறைக்கு முன் ஒருவருக்குக் கணக்குப்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னோர் இடங்கள் உண்டு; குடும்பப் பெயர் அவற்றில் ஒன்றை மட்டும் தொட்டுக்காட்டுகிறது.

ஆங்கிலேயரின் பதிவேடுகளே இப்போது வேறு பாதைக்குத் திரும்பியிருக்கின்றன. 1837 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவுகளில் மணமக்களின் தந்தையர் பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது. 2021 மே 4 முதல் தாயின் பெயரும் எழுதப்படுகிறது. இரண்டு பெயர்களை இணைத்துக்கொள்ளும் தம்பதிகளும், பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரையே வைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பெயரும் ஒய் குரோமோசோமும் சேர்ந்து நடந்த அறுநூறு ஆண்டுப் பயணம் முடிந்துவிட்டது. அங்கே பிறக்கும் பிள்ளைகளின் பேரன்மார்களை ஆராய வருபவர் மார்க் ஜோப்லிங்கின் கணக்கை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆனால் அவர்களுடைய பாட்டிமார் யார் என்பதை அவர் பதிவேட்டில் படித்துத் தெரிந்துகொள்வார்.